சோம்பல் இல்லை, சுரப்பிக் குறையாக இருக்கலாம்!



ஒரு குழு உறுப்பினரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிப்பவர். இப்போது இரண்டு மாதமாகச் சரியாக வருவதில்லை. கேட்டால், "என்னன்னே தெரியல அக்கா, விடிஞ்சா எந்திரிக்க முடியல, உடம்பெல்லாம் அசதி" என்கிறார். வீட்டில் மாமியார், "சாப்பிட்டுச் சாப்பிட்டுக் குண்டாயிட்டா, வேலைக்கு உடம்பு வணங்கல" என்று திட்டுகிறார். நாமும் அபராதம் போடலாமா என்று பேசுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். அவருடைய கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பி வேலை செய்யாமல் இருக்கலாம்.

ஹார்மோன் என்றால் என்ன?

நம் உடம்பில் எச்சில், வியர்வை சுரக்கும் சுரப்பிகளுக்கு, அது வெளியே வருவதற்கு நாளம் என்னும் குழாய் உண்டு. அப்படிக் குழாய் இல்லாமல், சுரப்பதை நேராக இரத்தத்தில் கலந்துவிடும் சுரப்பிகளும் உண்டு. இவைதான் நாளமில்லாச் சுரப்பிகள். இவை சுரப்பதுதான் ஹார்மோன். இந்தப் பெயரை 1905-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஸ்டார்லிங் பயன்படுத்தினார். கிரேக்க மொழியில் 'தூண்டிவிடுவது' என்று அர்த்தம்.

ஹார்மோன் ஒரு தபால் மாதிரி. ஓரிடத்தில் புறப்பட்டு, இரத்தத்தில் போய், வேறோர் இடத்தில் 'இந்த வேலையைச் செய்' என்று சொல்லும். கணையம் அனுப்பும் இன்சுலின் இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. சினைப்பை அனுப்பும் ஹார்மோன்கள் மாதவிலக்கை நடத்துகின்றன. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடக்கிறதே, அது அட்ரினலின் செய்யும் வேலை.

தைராய்டு எப்படி வேலை செய்கிறது?

முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. சாப்பாட்டிலிருந்து உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தி எடுக்க வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. அடுப்பைத் தூண்டுவது, தணிப்பது போன்ற வேலை.

இதை மேற்பார்வை பார்ப்பது மூளைக்கு அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி. தைராய்டு ஹார்மோன் குறைந்தால், பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அதிகமாக அனுப்பும். தவணை கட்டாத உறுப்பினர் வீட்டுக்கு ஊக்குநர் திரும்பத் திரும்ப ஆள் அனுப்புவார் இல்லையா? அது போலத்தான். அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியிருந்தால், தைராய்டு பெரும்பாலும் சரியாகச் சுரக்கவில்லை என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார்.

குறைந்தால் என்ன ஆகும்?

ஓயாத அசதி, எடை கூடுதல், மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்தல், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், முகம் உப்புதல், மாதவிலக்கு அதிகமாகவோ தாறுமாறாகவோ வருதல், மறதி, மனச்சோர்வு. சிலருக்குக் கரு நிற்பதில் தாமதமோ கருச்சிதைவோ ஏற்படலாம். இதற்காக எத்தனை பெண்கள் பேச்சு வாங்கியிருக்கிறார்கள்! ஆண்களைவிடப் பெண்களுக்கே இந்தக் குறை அதிகம் வருகிறது.

தைராய்டு அளவுக்கு மேல் சுரந்தாலும் தொல்லைதான். எடை இளைக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்.

காரணம் என்ன?

தைராய்டு ஹார்மோன் தயாரிக்க அயோடின் தேவை. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250 மைக்ரோகிராம். வாழ்நாள் முழுவதுக்கும் சேர்த்தால்கூட ஒரு தேக்கரண்டி வராது. ஆனால் அது தினமும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் சுரப்பி வீங்கிக் கழுத்துக் கழலை வரும்.

"நாம கடல் உப்புதானே போடறோம்?" என்று கேட்கலாம். சாதாரணக் கல் உப்பில் அயோடின் மிகமிகக் குறைவு. அதனால்தான் 1962-ல் நம் நாட்டில் கழலை நோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கி, உப்பில் அயோடின் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

அயோடின் போதுமான அளவு கிடைப்பவர்களுக்கும் தைராய்டு குறையலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகச் சுரப்பியைத் தாக்குவது அதற்கு முக்கியக் காரணம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

• அசதி என்றாலே தைராய்டு என்று முடிவுகட்ட வேண்டாம். இரத்தசோகை, சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் எல்லா அறிகுறிகளையும் சொல்லுங்கள்.

• மாத்திரை கொடுத்தால் காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீ, காப்பி, பலகாரம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

• "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். டாக்டர் சொல்லும் நாளில் மறுபரிசோதனை செய்யுங்கள்.

• மாத்திரை சாப்பிடுபவர் கர்ப்பமானால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம்.

• சில குழந்தைகள் பிறவியிலேயே தைராய்டு குறையோடு பிறக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி குன்றாமல் காப்பாற்றிவிடலாம். பிரசவம் பார்க்கும் இடத்தில் இந்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

• பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று பார்த்து உப்பு வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, ஈரம் படாமல் வையுங்கள். சமையல் முடியும்போது சேருங்கள். அயோடின் நல்லது என்று உப்பைக் கூட்டிப் போடாதீர்கள், இரத்த அழுத்தம் வரும்.

குழு செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். தொடர்ந்து வராத உறுப்பினருக்கு அபராதம் எழுதும் முன்பு, இருவர் அவர் வீடு வரை போய்வாருங்கள். பரிசோதனைக்குக் கையில் பணம் இல்லையென்றால் குழுவின் அவசரக் கடன் எதற்கு இருக்கிறது? டாக்டரிடம் போகத் துணைக்கு ஒருவர் போங்கள். அவர் மாமியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அவ சோம்பேறி இல்லம்மா, அவளுக்கு உடம்புக்கு முடியல. டாக்டரைப் பார்த்தா சரியாயிடும்."