றொசல்ல எந்தக் கணக்கில் சேரும்?

றொசல்ல புகையிரத நிலையத்தில் இறங்கும் இருவரில் ஒருவர் தோட்டத்து லயனுக்கும் மற்றவர் ஹட்டன் நகரிலுள்ள வீட்டுக்கும் செல்கின்றனர். குடிசன மதிப்பீட்டில் இவர்கள் வெவ்வேறு துறையினர். மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வசிப்போர் நகரத்துறை. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பத்துப் பேருக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் கொண்ட தோட்டங்களில் வசிப்போர் பெருந்தோட்டத்துறை. எஞ்சியோர் கிராமத்துறை. ஆகவே ஹட்டன் நகரமாகிறது; பிரதேச சபையின் கீழுள்ள மஸ்கெலியா கடைவீதியோ எவ்வளவு சன நெருக்கடி மிக்கதாயினும் கிராமமே! அங்கு தலைமுறைகளாக வர்த்தகம் செய்யும் தமிழரும் முஸ்லிம்களும் இதனைக் கேட்டால் நகைக்கக்கூடும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் 2 கோடியே 3 இலட்சம் மக்களில் 4.4 வீதத்தினரே பெருந்தோட்டத்துறையினர். நுவரெலியா மாவட்டத்திலோ பாதிக்கு மேற்பட்டோர். வறுமையிலும் போஷாக்கிலும் தோட்டங்களின் பின்னடைவு அரச அறிக்கைகளில் தனித்துத் தெரிவது இவ்வகுப்பு இருப்பதனாலேயே. ஆனால், தோட்டம் துண்டாடப்பட்டு, வதிவிடத் தொழிலாளர் தொகை பத்துக்குக் கீழே சென்றால், லயன் அப்படியே இருக்க, அதில் வாழ்வோர் மட்டும் கிராமத்தவராகி, கிராமத்துறையின் சராசரிக்குள் மறைந்துவிடுகின்றனர். பெருந்தோட்டத்துறை சுருங்கியுள்ளதென அறிக்கை வெளிவரும்போது, அவர்களுள் எத்தனை பேர் காணியும் வீடும் பெற்று வெளியேறினர், எத்தனை பேர் வெறும் வரைவிலக்கணத்தால் வெளியேற்றப்பட்டனர் என்பதை மலையகப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும்.