மருந்துக்கடையில் ஒரு கேள்வி கேட்டால் உயிர் பிழைக்கும்!
ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் மலைத் தொழிலாளர்கள் உஷார்

போடிநாயக்கனூர்:

விடிவதற்கு முன்பே போடியில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டு போகும் ஜீப்புகள். பகல் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு, மாலையில் இறங்கியதும் சிலர் நேரே போவது மருந்துக்கடைக்கு.

"இடுப்பு ஒடியுதுண்ணே. நல்ல வலி மாத்திரையா ரெண்டு குடுங்க!"

ரெண்டு மாத்திரைதானே என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் கேட்டவர் இதய வால்வு மாற்றியவராக இருந்தால்? வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டி உயிருக்கு உலை வைத்துவிடும்!

ஆயுள் முழுக்க மாத்திரை

சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், சிலருக்கு இதய வால்வையே கெடுத்துவிடும். அப்போது செயற்கை வால்வு வைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிலையம் நம் நாட்டிலேயே செய்த வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு.

வால்வு வைத்ததோடு கதை முடியவில்லை. அதன் மேல் ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரைகள். ஆயுள் பூராவும் சாப்பிட வேண்டும்.

எலி பாஷாணம்!

இந்த வார்ஃபரினின் பூர்வீகம் தெரியுமா? அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த மாட்டையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் விஞ்ஞானி கார்ல் லிங்கிடம் கொண்டுவந்து சேர்த்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. அடுத்த வருஷமே ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது இதே மருந்துதான் கொடுத்தார்கள்!

அளவு கூடினால் ரத்தப்போக்கு. குறைந்தால் ரத்தக்கட்டி. கத்தி மேல் நடக்கிற கதை. அதனால்தான் "ஐ.என்.ஆர்." என்ற ரத்தச் சோதனை. சாதாரண ஆளுக்கு 1 இருக்கும். வால்வுக்காரர்களுக்கு 2 முதல் 3½-க்குள், டாக்டர் குறித்துக் கொடுக்கும் அளவில் நிற்க வேண்டும். புதிதாக வந்திருக்கும், ரத்தச் சோதனை தேவைப்படாத மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது.

கீரையும் அட்டையும்

வலி மாத்திரை, ஆஸ்பிரின், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் எல்லாமே வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு ஆபத்து. காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் நேர் எதிர். வார்ஃபரினின் வேகத்தையே அடக்கிவிடும். முருங்கைக் கீரையும் அப்படித்தான். கீரையை விடவேண்டியதில்லை. ஒரு வாரம் தட்டு நிறைய, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

கர்ப்பம் என்று தெரிந்தால் பெண்கள் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். அதற்காகத் தானாக நிறுத்தினாலும் ஆபத்து, தாய்க்கு.

மலையில் இன்னொரு தொல்லை அட்டை. அதன் எச்சிலிலேயே ரத்தம் உறையவிடாத சரக்கு இருக்கிறது. மாத்திரையும் சேர்ந்தால் கடிவாயில் ரத்தம் லேசில் நிற்காது.

மலேசியாவில் என்ன செய்கிறார்கள்?

மலேசிய அரசு ஆஸ்பத்திரிகளில் வார்ஃபரின் நோயாளிகளுக்கென்றே மருந்தாளுநர்கள் கிளினிக் நடத்துகிறார்கள். சோதனை முடிவைப் பார்ப்பது, என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பது, டாக்டரோடு பேசி அளவை மாற்றுவது எல்லாம் அங்கே நடக்கிறது. கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மருந்தாளுநர் கவனித்த நோயாளிகளின் ரத்தம்தான் அதிக நாள் சரியான அளவில் நின்றது. 2013-ல் வெளியான ஆய்வு இது.

நம் ஊரில் முடியாதா? மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் இங்கே டாக்டருக்குத்தான். ஆனால் மருந்தைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் வேலை என்று 2015 விதிகளே சொல்கின்றன. பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பதோ 1948-லேயே வந்த சட்டம். சர்ட்டிபிகேட் சுவரில் தொங்கினால் போதாது; அதற்குரிய ஆள் கடையில் நிற்க வேண்டும்!

வலி மாத்திரை கேட்டால், "ரத்தம் உறையாம இருக்க ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றால் டாக்டருக்கு ஒரு போன். நோயாளியும் ஐ.என்.ஆர். சீட்டை ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாகக் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், தலையில் அடி... இதில் எது வந்தாலும் கடை வாசலில் நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டரிடம் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.