விலை நோக்கும் பட்டியல்

கையிலுள்ள பொருளுக்குக் கணக்கு எழுதுவது வணிகரின் பழைய வழக்கம். கையில் இல்லாத பொருளுக்கும் கணக்கு எழுதும் தேவை பங்குச்சந்தையில் எழுகிறது. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்க எண்ணுபவர், பணத்தைச் செலுத்துமுன் அதன் விலைப்போக்கைச் சில மாதங்கள் அறிந்துவர விழைகிறார். தனிநபர் நிதி மென்பொருள்களில் உள்ள கண்காணிப்புப் பட்டியல் இத்தேவைக்காக அமைந்தது.

சான்றாக, குனுகேஷ் என்னும் கட்டற்ற மென்பொருளைக் காண்போம். வணிகவியல் மாணவர் நன்கறிந்த இரட்டைப்பதிவு முறையில் இயங்கும் இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இதில் உடைமைகளுக்கு ஓரிடமும் விலைகளுக்குத் தனியே ஓரிடமும் உண்டு. பின்னது விலைத் தரவுத்தளம் எனப்படும். நம்மிடம் ஒரு பங்கும் இல்லாத நிறுவனத்தைக்கூட இதில் பதிந்து, அதன் விலையைத் தொடர்ந்து சேமிக்கலாம். ஒவ்வொரு விலையும் அதற்குரிய நாளுடன் பதிவாகிறது. விலைகளை நாமே உள்ளிடலாம். துணைநிரலின் வழியே இணையத்திலிருந்தும் பெறலாம்.

பங்கின் விலை, சந்தை நடைபெறும் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை நொடிதோறும் மாறக்கூடியது. பரஸ்பர நிதிக்கோ ஒரு வேலைநாளுக்கு ஒரே நிகரச் சொத்து மதிப்புதான். நீண்டகால முதலீட்டை எண்ணுபவர் இரண்டையும் நாளுக்கு ஒருமுறை, ஏன், வாரத்துக்கு ஒருமுறை பார்த்தாலே போதும்.

பட்டியலைத் தொகுப்பது எளிது, படிப்பதுதான் கடினம். இருபது ரூபாய்ப் பங்கு இரண்டு ரூபாய் ஏறினால் அது 10 விழுக்காடு. இரண்டாயிரம் ரூபாய்ப் பங்கு நாற்பது ரூபாய் ஏறினாலும் அது 2 விழுக்காடே. புதிய பரஸ்பர நிதியின் அலகு பத்து ரூபாய்க்குக் கிடைப்பதால் அது மலிவு என்று கருதுவோர் இன்றும் பலர். பத்து பதினொன்றாவதும் ஐந்நூறு ஐந்நூற்றைம்பதாவதும் ஒரே வளர்ச்சி என்பதை அவர்கள் நோக்குவதில்லை.

இதனினும் பெரிய மயக்கம் ஒன்று உண்டு. ஆயிரம் ரூபாயாக இருந்த பங்கின் விலை, மறுநாள் ஐந்நூறாகப் பட்டியலில் தோன்றுகிறது எனக் கொள்வோம். நிறுவனம் சரிந்துவிட்டதா? ஒரு பங்குக்கு ஒரு பங்கு வீதம் போனஸ் வழங்கப்பட்டிருக்கலாம். நூறு பங்கு வைத்திருந்தவரிடம் இப்போது இருநூறு பங்குகள் உள்ளன. மொத்த மதிப்பு அதே ஒரு இலட்சம்தான். இதை அறியாதவர் ‘பாதி விலைக்குக் கிடைக்கிறது’ என்று மகிழ்ந்து வாங்குவார். பட்டியல் எண்ணைக் காட்டும். அதன் காரணத்தைக் காட்டாது. ஈவுத்தொகையும் விலை வரிசையில் தெரிவதில்லை.

தனி விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். மும்பை பங்குச்சந்தையின் 30 நிறுவனங்களைக் கொண்டு கணிக்கப்படும் சென்செக்ஸ் குறியீட்டையும் அதே பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சந்தை முழுவதும் ஏறிய மாதத்தில் நாம் நோக்கிய பங்கும் ஏறியதில் வியப்பில்லை.

‘இந்தப் பங்கு இரட்டிப்பாகும்’ என்று அலைபேசியில் வரும் செய்தியை நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தை அன்றே இடுபவர் உண்டு. அத்தகையவருக்குப் பட்டியல் தரும் பெரிய உதவி கால இடைவெளியே. பெயரைப் பதிந்து, எதற்காகப் பதிந்தோம் என்று அருகில் எழுதிவிட்டு, மூன்று மாதம் கழித்துப் படித்தால், அக்காரணம் இன்னும் நிற்கிறதா என்பது விளங்கும். விலை பாதியாகி விழுந்த பங்கு பழைய நிலையை அடைய இருமடங்காக ஏறவேண்டும் என்ற கணக்கும் அப்போது நினைவுக்கு வரக்கூடும்.

கணினி இல்லாதவர் ஒரு குறிப்பேட்டில் நாள், இறுதி விலை, சென்செக்ஸ், காரணம் என நான்கு பத்திகள் வரைந்து, நாளிதழின் வணிகப் பக்கத்தைக் கொண்டு வாரந்தோறும் நிரப்பிவரலாம்.