மண்ணுக்குள்ளே ஒரு தொழிலாளி



பிரட்டுக்கு வராமல், கூலி கேட்காமல், நம் காலடியிலேயே வேலை செய்கிற ஒரு தொழிலாளி உண்டு. மண்புழு! தூண்டிலில் கோர்க்கத்தான் அது என்று நம்மில் பலருக்கு நினைப்பு. அதைத் தேடி ஒரு நாள் பூராவும் மண்ணைக் கிளறுகிறவர்களும் இருக்கிறார்கள். பினாங்குத் தீவில், பாலிக் புலாவ் பக்கத்து மலைச்சரிவில், அப்படிப்பட்ட ஆராய்ச்சி மாணவர்களோடு நாமும் ஒரு நாள் நின்றோம்.

விடிந்ததுமே வேலை ஆரம்பம். வெயில் ஏறினால் மேல்மண் காய்ந்து, புழு அடிக்கு இறங்கிவிடும். 25 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைக்கிறார்கள். சருகைத் தனியே எடுத்துவிட்டு, பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்கு வெட்டுகிறார்கள். மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கையாலேயே பார்க்கிறார்கள். ஆழத்தில் ஒளிந்ததை வெளியே வரவைக்கக் கடுகுத்தூள் கரைத்த தண்ணீர். உறைப்புத் தாங்காமல் மேலே வந்துவிடுகிறது! அகப்பட்டது ஸ்பிரிட் புட்டிக்குள் போகிறது. கூடவே பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடுமாம்.

அடிக்கடி அகப்பட்ட புழுவின் பெயர் பொண்டோஸ்கோலெக்ஸ் கொரேத்ரூரஸ். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதன் கதை நமக்குப் புதிதல்ல. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா. பால்மரமும் அங்கேயிருந்து வந்ததுதானே? 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் போய், 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்தது. இந்தப் புழுவும் செடிகளோடும் மண்ணோடும் ஊர் ஊராகப் பரவியது. ஜோடி இல்லாமலே முட்டையிடும். ஒன்று வந்தால் போதும், குடும்பம் பெருகிவிடும். கப்பலேறி வந்து, வந்த மண்ணிலேயே வேரூன்றியவர்கள் நாம் மட்டும் இல்லை!

புழுவின் உழைப்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கருக்கு வருஷம் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் போய் மேலே வருகிறது என்று டார்வின் 1881-இல் எழுதினார். புழு போன துளை வழியாகத்தான் மழைத்தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகின்றன.

குழி வெட்ட வந்தவர்களில் ஒருவர் பால்வெட்டில் பழகிய பெரியவர். மாணவர்கள் வெட்டவெளியில் சட்டத்தை வைத்தபோது அவர் சொன்னார்: "தம்பி, மருந்தடிச்சு மொட்டையாக் கெடக்கிற எடத்துல என்னாத்த கெடைக்கும்? சருகு மூடின பக்கம் தோண்டிப் பாருங்க." இரண்டு இடத்திலும் தோண்டினார்கள். பெரியவர் சொன்னதுதான் சரி. சருகுதான் புழுவுக்குச் சோறும் கூரையும்.

அதற்காகப் புழு இருந்தாலே மண் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பிரேசிலில் மனாவ்ஸ் பக்கம் காட்டை அழித்து மாட்டுக்குப் புல்வெளி போட்டார்கள். மற்ற பூச்சி புழுக்கள் அழிந்து, இதே புழு மட்டும் பெருகியது. மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டிய புழு, அதை இறுக்கிச் சிமெண்டுத் தரை மாதிரி ஆக்கிவிட்டது. 1999-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஒற்றை ஆளை வைத்துத் தோட்டம் நடக்காது. மண்ணுக்கும் அதே நியாயம்தான்.

தோழர்களே, தரையை மொட்டையாக்கிய மருந்தை முதுகில் சுமந்தது யார்? நம் வீட்டுப் பெண்கள்தானே! பாராகுவாட் மருந்துக்கு மாற்று மருந்தே கிடையாது. அதைத் தடை செய்வதாக 2002-இல் அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடையில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவார்?

ஒன்று போனாலும் வேறு மருந்து டப்பாக்கள் இருக்கின்றன. கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் பம்பைத் தூக்காதீர்கள். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அவற்றைக் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காகச் சம்பளத்தில் காசு பிடிக்கவும் கூடாது. பிடித்தால் சம்பளச் சீட்டோடு சங்கத்துக்கு வாருங்கள்.

மண்ணுக்குள்ளே இருக்கிற தொழிலாளியை எண்ணிப் பார்க்கப் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். மண்ணுக்கு மேலே இருக்கிறவர்களை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாம்தான்.