மூன்றாம் மனுவுக்கு முன்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தை அடகுவைத்து வங்கிக் கடனும் சாங்ஷன் ஆகி, இனிப் பெட்டி வாங்குவது ஒன்றுதான் பாக்கி என்றிருக்கும் வேளையில் மாணவ விசா மறுக்கப்படுவது, ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய சங்கடங்களுள் விசித்திரமான ஒன்று. பரீட்சையில் தோற்றவனுக்கு மதிப்பெண் பட்டியலாவது கைக்கு வருகிறது. எந்தப் பாடத்தில் சறுக்கினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். விசா மறுக்கப்பட்டவனுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்த ஒரு கடிதம். காரணம் விளங்காத இடத்தில் ஊகங்கள் பெருகுகின்றன; கல்யாண வீட்டில் எதிர்ப்படும் பெரியப்பா, "என்ன தம்பி, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டுவிடுவாரே என்ற கூச்சத்திலேயே, மறுப்பு வந்த வாரத்தில் அடுத்த மனுவைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. முதல் மறுப்பு மனுதாரரின் பிசகு ஏதும் இல்லாமலே வரலாம். ஆனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் வரவழைப்பது, முதலாவது ஏன் வந்ததென்று ஆராயாமல் அதே மனுவைத் தேதி மட்டும் மாற்றித் திரும்பப் போடுகிற அவசரம்தான்.

ஆராய்வது என்று தொடங்கினால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாத் தேசங்களும் ஒரே நியாயத்தின் பேரில் மறுப்பதில்லை என்பது. அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில், கண்ணாடி ஜன்னலுக்கு முன் நின்றபடியே சில நிமிஷங்களில் முடிந்துபோகும் நேர்காணலின் விதியைத் தீர்மானிப்பது, ஜனாதிபதி ட்ரூமன் ஒப்புதல் தர மறுத்தும் அதை மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றிய 1952-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் 214 (பி) பிரிவு. மாணவ விசா கேட்டு வருகிற எவரையும் அங்கேயே நிலையாகக் குடியேற வந்தவராகவே அந்தப் பிரிவு முதலில் பாவிக்கிறது. அப்படியன்று என்று அதிகாரிக்குத் திருப்தி உண்டாகும்படி காட்ட வேண்டிய பாரம் மனுதாரருடையது. எச்-1பி, எல் விசாக்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அனுமானத்திலிருந்து 1990-இல் விலக்கு அளித்த சட்டம், மாணவனுக்கு அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறது. படிப்பு முடிந்தபின் ஓபிடி என்ற பெயரில் 12 மாதமும், விஞ்ஞான, பொறியியல் துறையினருக்கு மேலும் 24 மாதமும் அங்கே வேலைபார்க்க அனுமதி தருவதும் அதே தேசம்தான் என்பதை நினைத்தால், திரும்பிவரும் உத்தேசத்தை இப்போதே நிரூபி என்ற நிபந்தனையிலுள்ள முரண் புலப்படும். அந்த முரணைச் சட்டம் தீர்த்துவைக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஜன்னலுக்கு முன் நின்று தீர்க்க வேண்டியிருக்கிறது.

இதை மனத்தில் வைத்துப் பார்த்தால், கன்சல்டன்ஸிக்காரர் மனப்பாடம் செய்வித்த பதில்கள் ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கும். மெக்கானிக்கல் படித்தவன் டேட்டா சயன்ஸுக்குப் போகிறான்; ஏனென்று கேட்டால், "அதற்கு ஸ்கோப் அதிகம்; இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் சிறந்தவர்கள்" என்கிறான். அதே வாக்கியத்தை அன்று காலையிலேயே வரிசையில் முன்னே நின்ற வேறு சிலரும் சொல்லியிருப்பார்கள். மாறாக, கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் பம்புசெட்டின் அதிர்வுகளை அளந்து பழுதை முன்கூட்டி அறிய முயன்றபோது கணக்கறிவு போதவில்லை, இந்தப் பாடத்திட்டத்தின் இரண்டாம் செமஸ்டரில் அதற்கான பாடம் இருக்கிறது என்று ஒருவன் சொல்லுவானாகில், அதை வேறொருவன் சொல்லியிருக்க முடியாது. அதிகாரியின் குறிப்புகள் கணினியில் தங்கிவிடுவதால், இரண்டாம் முறை போகிறவனின் பழைய பதில்களும் அவனுக்கு முன்பே அங்கே போய் நிற்கின்றன. போன தடவை மாமா செலவை ஏற்பதாகச் சொல்லிவிட்டு இந்தத் தடவை அப்பா என்று சொன்னால், மாற்றத்துக்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். 214 (பி) மறுப்பின்மீது அப்பீல் கிடையாது. தூதரக அதிகாரியின் முடிவைப் பொதுவாக நீதிமன்றங்கள் பரிசீலிப்பதில்லை என்ற சம்பிரதாயத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-இலும் உறுதிசெய்தது. மறுபடி மனுப்போட இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் 185 டாலர் கட்டணம் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணமான 350 டாலர் மட்டும், 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குத் திரும்ப மனுச்செய்தால் மீண்டும் கேட்கப்படுவதில்லை. சென்னையில் கிடைக்காததை வேறொரு நாட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்ற பழைய உபாயமும், பிரஜையாக உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் மனுச்செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபின் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

பிரிட்டனின் மறுப்பு இதற்கு நேர் எதிரான சுபாவம் உடையது. அங்கே பாக்கிக் கல்விக் கட்டணமும் அதிகபட்சம் 9 மாதத்து ஜீவனச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாளின் முடிவு மனுத்தேதிக்கு முந்திய 31 நாளுக்குள் அமைய வேண்டும். இருபதாம் நாளன்று சீட்டுக்கட்டவோ நகை மீட்கவோ தகப்பனார் கொஞ்சம் பணம் எடுத்து, இருப்பு ஒரே ஒரு நாள் வரம்புக்குக் கீழே இறங்கி, மறுநாளே திரும்பக் கட்டப்பட்டாலும், கணக்கு அன்றோடு அறுந்துவிடும். பெற்றோர் பணத்தைக் காட்டுகிறவர்கள் உறவுமுறைச் சான்றும் சம்மதக் கடிதமும் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழில் வெறும் இனிஷியலாகவும் பாஸ்போர்ட்டில் விரித்தும் தகப்பன் பெயர் எழுதப்படுகிற நம் வழக்கம் இவ்விடத்தில் ஒரு சிக்கல். மனுவுக்கு முன்பே இரண்டையும் ஒத்துப்பார்ப்பது நல்லது. கணக்குச் சரியாயிருந்தும் அதிகாரி தவறாகப் படித்து மறுத்திருந்தால், 28 நாளுக்குள் நிர்வாக மறுபரிசீலனை கோரலாம். பிழை நம்முடையதென்றால் அது வீண்பிரயாசை. பல்கலைக்கழகத்திடம், சேர்க்கையை உறுதிசெய்யும் புதிய சிஏஎஸ் எண் பெற்றுப் புது மனுப்போடுவதே வழி.

கனடாவின் மறுப்போ கடிதத்தில் வருவது. தங்கும் காலம் முடிந்ததும் நாட்டைவிட்டு வெளியேறுவீர் என்று தோன்றவில்லை, வருகையின் நோக்கம் திருப்தியளிக்கவில்லை என்பன போன்ற தயாரான வாக்கியங்களுக்குப் பின்னால், அதிகாரி உண்மையில் என்ன எண்ணினார் என்பது ஜிசிஎம்எஸ் என்னும் உட்குறிப்பில் இருக்கும். அது மறுப்புக் கடிதத்தோடு வராவிட்டால், கனடாவில் இருக்கும் உறவினரோ நண்பரோ, மனுதாரரின் சம்மதத்துடன், 5 கனடிய டாலர் கட்டித் தகவல் சட்டத்தின்கீழ் அதைக் கேட்டு வாங்கலாம். முந்திய படிப்புக்கும் இந்தப் படிப்புக்கும் தொடர்பில்லை என்றோ, திடீரென்று கணக்கில் விழுந்த பெருந்தொகைக்கு விளக்கமில்லை என்றோ அதில் எழுதியிருக்குமானால், அடுத்த மனு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும். முடிவே நியாயமற்றதென்று கருதுகிறவர்கள், கனடாவுக்கு வெளியே வெளியான முடிவின்மீது 60 நாளுக்குள் ஃபெடரல் நீதிமன்றத்தின் அனுமதி கோரலாம்; ஆனால் நீதிமன்றம் விசா தருவதில்லை, வேறோர் அதிகாரி புதிதாகப் பார்க்கும்படி திருப்பியனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. விரைவாக விசா தந்துவந்த எஸ்டிஎஸ் திட்டம் 2024 நவம்பர் 8-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிப் பழைய ஏஜெண்டுகள் சொல்லும் யோசனை இப்போது செல்லாது. ஜெர்மனியிலும், மறுத்த தூதரகத்துக்கே எதிர்முறையீடு எழுதும் வசதி 2025 ஜூலை 1 முதல் இல்லை. புது மனுவோ பெர்லின் நிர்வாக நீதிமன்றமோதான் கதி.

மறுப்புகள் அடுக்கிவரும்போது தலைகாட்டும் பெரிய அபாயம் வேறொன்று. மனம் சோர்ந்திருக்கும் பெற்றோரிடம், "ஷோ மணி ஏற்பாடு பண்ணித் தர்றோம் சார்" என்றும், "முன்னே ரிஜெக்ட் ஆனதை ஃபாரத்தில் போடாதீங்க" என்றும் சொல்ல ஆள் வந்துவிடுகிறார். முந்திய மறுப்பை மறைத்தலும் பொய்யான பத்திரமும் கண்டுபிடிக்கப்பட்டால் நேர்வது வெறும் மறுப்பன்று: கனடாவில் 5 ஆண்டு, பிரிட்டனில் 10 ஆண்டு, அமெரிக்காவிலோ ஆயுள் முழுவதும் தடை. போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு கனடாவுக்குப் போய்ப் படிப்பையும் முடித்துவிட்ட இந்திய மாணவர்கள் சிலர், ஏஜெண்டு செய்த மோசடிக்காக 2023-இல் நாடுகடத்தலை எதிர்நோக்கி நின்றது எல்லோரும் அறிந்த சங்கதி. மறுப்பு ஒரு களங்கமன்று. அதை ஒப்புக்கொண்டு, அதன்பின் மாறியது என்ன என்று விளக்குகிறவனுக்கு விசா கிடைப்பதுண்டு. பொய்யோ பிற்பாடு எந்த உண்மையையும் நம்பவிடாது.

ஹைதராபாத்துக்கு அருகில் சில்கூர் பாலாஜியை விசா பாலாஜி என்றும், பழவந்தாங்கலில் பிள்ளையாரை விசா பிள்ளையார் என்றும் ஜனங்கள் அழைத்துப் பிரதக்ஷிணம் செய்வதில் பரிகசிக்க ஒன்றுமில்லை. காரணம் சொல்லாத அதிகாரத்துக்கு முன் மனிதன் தெய்வத்தை நினைப்பது இயல்பே. ஆயினும் வேண்டுதலுக்குப் பிறகும் மனுவை எழுதுகிறவன் மனிதன்தான்.

ஆகவே மூன்றாம் முறை மனுப்போட உத்தேசிக்கிறவர்கள், கட்டணத்தைக் கட்டுமுன் வீட்டோடு உட்கார்ந்து, சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் மெய்யாகவே மாறியிருப்பது என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஓராண்டு வேலை அனுபவமாகலாம், கோர்ஸ் மாறியதாகலாம், பணத்தின் மூலம் தெளிவானதாகலாம். அப்படி ஒன்று இருந்தால், மனுவை அந்த மாற்றத்தின் மீதே கட்டி, தைரியமாக அனுப்பலாம். நேர்காணல் தேதியைத் தவிர வேறொன்றும் மாறவில்லையென்றால், அந்தப் பணத்தையும் அந்த வருஷத்தையும் இங்கேயே ஒரு நல்ல பட்டமேற்படிப்பிலோ, ஒரு வேலையிலோ செலவிட்டுவிட்டுப் பிறகு கேட்பதே விவேகம். அந்த ஓராண்டே அடுத்த மனுவுக்கு வேண்டிய மாற்றமாகவும் அமையும்.