உலக்கைக்கு ஓய்வு!

சாமை உப்புமா சாப்பிட்டிருக்கிறீர்களா குட்டீஸ்? அந்தச் சாமையைக் காப்பாற்றியதில் உரலுக்கும் உலக்கைக்கும் ஓய்வு கொடுத்த பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போமா?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்! சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் பல ரகங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்தவர்கள் இவர்கள்.

ஆனால், போன நூற்றாண்டின் கடைசியில் சாமை வயல்கள் வேகமாகக் குறைந்தன. ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கியதால் பலர் அதற்கு மாறினர். இன்னொரு காரணமும் உண்டு.

சாமையின் மணி மிகச் சிறியது. உமியோ கெட்டியாக ஒட்டியிருக்கும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். வயலிலும் வீட்டிலும் உழைத்துக் களைத்த பெண்கள்தான் இதையும் செய்தார்கள். கை காய்த்துப் போகும்! 'ரேஷன் அரிசியே போதும்' என்று பல வீடுகள் மாறிவிட்டன. சமைக்காத தானியத்தை யார் விதைப்பார்கள்?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் கிராமங்களுக்கு வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்கள் ஏற்றன.

பெண்கள் அதோடு நிற்கவில்லை. சாமையை ரவையாக உடைத்தார்கள். கேழ்வரகை மால்ட் மாவாக்கினார்கள். கல், மண் நீக்கி, எடை போட்டு, பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். இதற்குப் பெயர்தான் 'மதிப்புக் கூட்டுதல்'. தானியத்தை மூட்டையாக விற்றால் வியாபாரி சொல்வதே விலை. ரவையாக்கி விற்றால், அந்த வேலைக்கான கூலியும் லாபமும் ஊரிலேயே தங்கும். அந்தப் பணம் பெண்களின் கைக்கே வரும்!

மரவள்ளி இன்றும் அந்த மலையில் நிறையவே விளைகிறது. ஆனால், சாமைக்கும் தினைக்கும் விலை கிடைத்தால் விதைக்க ஆள் இருப்பார்கள். பழைய ரகங்களும் பிழைக்கும். ஒரு ரகத்தின் விதை அடியோடு அழிந்துவிட்டால், எந்த ஆலையாலும் அதைத் தயாரித்துத் தர முடியாதே!

இந்தியா கேட்டுக்கொண்டதால், 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை கொண்டாடியது. நாமும் நம் பங்குக்கு ஏதாவது செய்யலாமே?

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, சிறுதானிய பாக்கெட்டைத் திருப்பி, தயாரித்தவர் யார் என்று படியுங்கள். மகளிர் குழுவின் பெயர் இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள். உங்கள் பாட்டி சாமை குத்தியதுண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். நிறையக் கதை கிடைக்கும்!