குறட்டையும் இதயத் துடிப்பும்

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. “கொடுத்து வைத்தவர், படுத்தவுடன் தூங்கிவிட்டார்!” என்கிறோம். ஆனால் எல்லாக் குறட்டையும் நல்ல உறக்கத்தின் அடையாளம் அன்று. சில வேளைகளில் அது மூச்சுக்காக உடல் நடத்தும் போராட்டத்தின் ஓசையாகும். அப்போராட்டத்திற்கும் இதயத்தின் தாளத்திற்கும் உள்ள தொடர்பைச் சிறிது காண்போம்.

உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் அவ்வாறே. சிலருக்கு அவை அளவு மீறித் தளர்ந்து, காற்று செல்லும் வழியை அடைத்துவிடுகின்றன. குறட்டை சட்டென நிற்கும். மார்பு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே செல்லாது. 10 வினாடிகளோ அதற்கு மேலோ இவ்வாறு மூச்சு நின்றால் அதனை ‘ஸ்லீப் ஆப்னியா’, அதாவது உறக்கத்தில் மூச்சுத் தடை என்பர். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை விழித்துக் கொள்கிறது. பெரிய செருமலுடன் மூச்சு திரும்புகிறது. மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நிகழ்ந்தால் நோய் கடுமையானது எனக் கொள்வர். காலையில் எழும் நோயாளிக்கோ இவற்றில் ஒன்றும் நினைவிராது!

இனி இதயத்திற்கு வருவோம். அதன் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் படபடவென நடுங்குவது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் நோய். இதனால் நாடி தாளம் தவறுகிறது. மேலறையில் தேங்கும் இரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

இவ்விரண்டுக்கும் தொடர்பு என்ன? அடைபட்ட தொண்டையோடு மூச்சிழுக்க முயலும்போது, மார்பினுள் உண்டாகும் உறிஞ்சு விசையால் மெல்லிய மேலறைச் சுவர்கள் இழுபடுகின்றன. ஆக்சிஜன் குறைகிறது, நரம்புகள் கிளர்ச்சியடைகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரவுதோறும் இத்துன்பத்தைத் தாங்கும் இதயம் என்ன ஆகும்? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்துடிப்புக் கோளாறு உடையோரில் 49 விழுக்காட்டினருக்கு மூச்சுத் தடை இருக்கக்கூடும் எனத் தெரிந்தது. மற்ற இதய நோயாளிகளில் அது 32 விழுக்காடே.

முற்காலத்தில் கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதே வழியாக இருந்தது. 1980இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் எளிய வழியொன்றைக் கண்டார். மூக்கில் பொருத்திய முகமூடி வழியாக, ஒரு மோட்டாரால் காற்றை இடைவிடாது மெல்லிய அழுத்தத்துடன் செலுத்தினார். அக்காற்றே தூண்போல் நின்று தொண்டையைத் திறந்து வைத்தது! ஐந்து நோயாளிகளிடம் கண்ட பயனை 1981இல் வெளியிட்டார். ‘சி-பாப்’ எனப்படும் இக்கருவி இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

இக்கருவி இதயத் தாளத்தையும் காக்குமா? மின் அதிர்ச்சியால் துடிப்பு சீராக்கப்பட்டவர்களை மேயோ மருத்துவர்கள் ஓராண்டு கவனித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். மூச்சுத் தடைக்குச் சிகிச்சை பெறாதவர்களில் 82 விழுக்காட்டினருக்குக் கோளாறு மீண்டும் வந்தது. பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆனால் நார்வே நாட்டில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி 5 மாதங்கள் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தபோது, கருவியால் துடிப்புக் கோளாறு குறைந்ததாகத் தெரியவில்லை. எனவே கருவி நல்ல உறக்கத்தையும் பகலில் தெளிவையும் தரும். இதய மருந்துக்கு அது மாற்று அன்று. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது ஆபத்து.

உடல் எடையைக் குறைப்பதும் சிறந்த மருந்தே. பருமனான நோயாளிகள் தம் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தபோது இதயத் தாளம் பெரிதும் சீரடைந்ததை ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகர ஆய்வு 2015இல் காட்டியது. நடைப்பயிற்சியும், மதுவை விலக்குவதும், சிலருக்கு ஒருக்களித்துப் படுப்பதும் உதவும்.

அன்பு மாணவியரே! உறங்குபவர் தம் மூச்சு நிற்பதை அறியார். அருகில் விழித்திருப்பவரே அதற்குச் சாட்சி. உங்கள் தந்தையோ பாட்டியோ குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறுகிறார்களா? பகலில் அமர்ந்தபடியே கண்ணயர்கிறார்களா? கேலி செய்யாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள். நாடித் துடிப்பு ஒழுங்கற்றது என்று முன்பே அறிந்தவராயின், உறக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கூறச் சொல்லுங்கள். ஓரிரவு சோதனையில் உண்மை விளங்கிவிடும். நீங்கள் சொல்லும் ஒரு சொல், அவர் தாமே ஒருபோதும் சொல்ல இயலாத செய்தியாக இருக்கும்.